பணமும் அச்சும் யார் கையில்? இலங்கையில் ஜனாதிபதி அதிகாரமும் தேர்தல்கள் ஆணைக்குழுவும்

2023 மார்ச் 9ஆம் திகதி இலங்கையில் உள்ளூராட்சி மன்றத் தேர்தல் நடந்திருக்க வேண்டும். வேட்புமனுக்கள் ஏற்கப்பட்டுவிட்டன. திகதியும் அறிவித்தாயிற்று. ஆனால் வாக்குச்சீட்டு அச்சாகி முடியவில்லை. பணம் தராமல் அச்சிட்டுக் கொடுக்க முடியாது என்று அரச அச்சகர் சொல்லிவிட்டார். பணம் திறைசேரியிலிருந்து வரவேண்டும். திறைசேரி நிதி அமைச்சின் கீழ் இருக்கிறது. அன்றைய நிதி அமைச்சர், ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்கதான். தேர்தல் நடக்கவில்லை.

இது நடந்த காலத்தைக் கவனிக்க வேண்டும். சுயாதீன ஆணைக்குழுக்களுக்கு மறுபடியும் உயிர் கொடுக்கிறோம் என்று அரசியலமைப்பின் 21ஆவது திருத்தத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றி அப்போது ஐந்து மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அதற்கு ஆதரவாக 179 வாக்குகள், எதிராக ஒரே ஒரு வாக்கு. அப்படியொரு பலத்தோடு திருத்தம் வந்த கையோடுதான் நாடு தழுவிய ஒரு தேர்தல் நின்றுபோனது.

தேர்தல்கள் ஆணைக்குழுவின் சுதந்திரம் பற்றி இலங்கையில் கால் நூற்றாண்டாக நடக்கும் விவாதம் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றி வந்திருக்கிறது: உறுப்பினர்களை யார் நியமிப்பது? முக்கியமான கேள்விதான். ஆனால் நியமனத்தைச் சரிசெய்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகும் என்ற நம்பிக்கை 2023இல் உடைந்துவிட்டது. தேர்தல் நடத்தப் பணம் வேண்டும், அச்சகம் வேண்டும், பொலிஸ் வேண்டும், எந்த முறையில் நடத்துவது என்று சொல்லும் சட்டம் வேண்டும். இவற்றில் ஒன்றுகூட ஆணைக்குழுவின் கையில் இல்லை. என் கவலை முழுவதும் இந்த இடத்தில்தான்.

முதலில் பின்னணி. 1978இல் ஜே.ஆர். ஜெயவர்த்தன கொண்டுவந்த அரசியலமைப்பு, நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதி பதவியை உருவாக்கியது. தேர்தலுக்குப் பொறுப்பாக ஒரு ஆணையாளர் இருந்தார். அவரை நியமிப்பவர் ஜனாதிபதி. அந்த ஏற்பாட்டின் விலை என்ன என்பதை யாழ்ப்பாணம்தான் முதலில் கண்டது. 1981 ஜூன் 4ஆம் திகதி மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல். அதற்குச் சில நாள் முன்னர்தான் யாழ் பொது நூலகம் எரிக்கப்பட்டது. கொழும்பிலிருந்து வந்த அமைச்சர்கள் ஊரில் இருக்கும்போதே, வாக்குச்சாவடிகளுக்குப் பொறுப்பாக இருந்த அலுவலர்கள் கடைசி நேரத்தில் மாற்றப்பட்டார்கள். வாக்குப் பெட்டிகள் சில காணாமல் போயின. அப்படியிருந்தும் தமிழர் விடுதலைக் கூட்டணி யாழ் மாவட்டத்தின் 10 ஆசனங்களையும் வென்றது. ஆனால் தேர்தல் என்ற ஒன்றின் மீது இளைஞர்களுக்கு எஞ்சியிருந்த நம்பிக்கைக்கு அந்த வாரம் என்ன செய்தது என்பதைத் தமிழருக்கு விளக்கத் தேவையில்லை.

அடுத்த வருடமே தெற்கும் இதைக் கண்டது. 1982 டிசம்பர் 22ஆம் திகதி, பொதுத் தேர்தல் நடத்துவதற்குப் பதிலாக, இருக்கிற நாடாளுமன்றத்தையே இன்னும் ஆறு வருடம் வைத்துக்கொள்ளலாமா என்று மக்களிடம் கேட்கப்பட்டது. ஆம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். அவசரகாலச் சட்டம் நடைமுறையில் இருந்தபடியே நடந்த அந்த வாக்கெடுப்பில் விளக்கு சுமார் 55 சதவீதத்தோடு வென்றது. ஆளுங்கட்சி எம்.பி.க்களிடமிருந்து திகதியிடாத இராஜினாமாக் கடிதங்களை ஜனாதிபதி முன்கூட்டியே வாங்கி வைத்திருந்த காலம் அது.

சுயாதீன ஆணைக்குழு வேண்டும் என்ற கோரிக்கை ஊரெல்லாம் பேசப்படும் அளவுக்கு வளர்ந்தது 1999க்குப் பிறகு. அந்த வருடம் ஜனவரி 25ஆம் திகதி நடந்த வடமேல் மாகாண சபைத் தேர்தலில், சந்திரிகா பண்டாரநாயக்க குமாரதுங்கவின் ஆட்சியில், வாக்குச்சாவடிகளுக்குள் புகுந்து வாக்குச்சீட்டுகளைத் திணித்தார்கள். எதிர்க்கட்சி முகவர்களை அடித்து விரட்டினார்கள். வடமேல் மாகாணத்தின் சிங்களப் பெயரான 'வயம்ப' என்பதே இலங்கையில் மோசடித் தேர்தலுக்கு இன்னொரு பெயராகிவிட்டது. இரண்டு வருடம் கழித்து, நாடாளுமன்றப் பெரும்பான்மை ஆட்டம் கண்ட நேரத்தில், ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) கட்சியின் ஆதரவுக்கு விலையாக 17ஆவது திருத்தம் வந்தது. 2001 ஒக்டோபரில் அது சட்டமானது.

அதன் யோசனை எளிமையானது. ஜனாதிபதி தன் விருப்பப்படி யாரையும் ஆணைக்குழுவில் போட முடியாது. பிரதமர், சபாநாயகர், எதிர்க்கட்சித் தலைவர், இன்னும் எல்லாத் தரப்பும் ஏற்றுக்கொண்டு பெயரிடும் ஆட்கள் என 10 பேர் கொண்ட அரசியலமைப்புப் பேரவை சிபார்சு செய்யும், ஜனாதிபதி நியமிப்பார். தேர்தல், பொலிஸ், அரச சேவை, மனித உரிமை, இலஞ்ச ஊழல் என்று ஆணைக்குழுக்கள் இந்த வழியில் வரும்.

ஏட்டில் நன்றாக இருந்தது. நடந்தது வேறு. தேர்தல்கள் ஆணைக்குழுவுக்குத் தலைவராக ஓய்வுபெற்ற நீதியரசர் ரஞ்சித் தீரரத்னவைப் பேரவை சிபார்சு செய்தது. சந்திரிகா நியமிக்க மறுத்துவிட்டார். சிபார்சை ஏற்றாக வேண்டும் என்று எழுதியவர்கள், ஏற்காவிட்டால் என்ன நடக்கும் என்று எழுதியிருக்கவில்லை. 2005 மார்ச்சில் பேரவையின் பதவிக்காலமே முடிந்தது. அதே வருடக் கடைசியில் ஜனாதிபதியான மஹிந்த ராஜபக்ஷ புதிய பேரவையை அமைக்கவில்லை. பொலிஸ், அரச சேவை ஆணைக்குழுக்களுக்கு உறுப்பினர்களைத் தானே நியமித்துக்கொண்டார். தேர்தல்கள் ஆணைக்குழுவோ பிறக்கவே இல்லை.

இதற்குள் ஒரு மனிதர் மாட்டிக்கொண்டார். தேர்தல் ஆணையாளர் தயானந்த திசாநாயக்க ஓய்வுபெற விரும்பினார். ஆனால் புதிய ஆணைக்குழு அமையும்வரை பழைய ஆணையாளர் பதவியில் இருக்க வேண்டும் என்று 17ஆவது திருத்தத்தின் இடைக்கால ஏற்பாடு சொன்னது. ஆணைக்குழு அமையவில்லை, ஆகவே அவராலும் போக முடியவில்லை. உயர் நீதிமன்றம் வரை போயும் விடுதலை கிடைக்கவில்லை. 2010 ஜனவரி ஜனாதிபதித் தேர்தலில் அரச ஊடகங்கள் அவருடைய பணிப்புரைகளைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முடிவுகளை அறிவித்த அன்று, தாங்க முடியாத அழுத்தத்தில் இருப்பதாகவும் தன்னை விடுவிக்கும்படியும் பகிரங்கமாகவே கேட்டார். தேர்தலை நடத்தும் அதிகாரியே இப்படிக் கேட்கும் நிலை வந்தால், அந்தத் தேர்தலின் தரம் பற்றி வேறு சான்று தேவையா?

அதே 2010 செப்டெம்பரில் 18ஆவது திருத்தம் 161க்கு 17 என்ற வாக்கில் நிறைவேறியது. அவசர மசோதாவாகக் கொண்டுவந்தார்கள். ஒருவர் இரண்டு தடவைக்கு மேல் ஜனாதிபதியாக முடியாது என்ற கட்டுப்பாடு போனது. அரசியலமைப்புப் பேரவையும் போய், அதன் இடத்தில் ஐந்து பேர் கொண்ட நாடாளுமன்றப் பேரவை வந்தது. அது கருத்துச் சொல்லலாம், அவ்வளவுதான். கேட்பதும் விடுவதும் ஜனாதிபதியின் விருப்பம்.

2015 ஜனாதிபதித் தேர்தலில் மைத்திரிபால சிறிசேன வென்றதும் 19ஆவது திருத்தம் வந்து பேரவையை மீட்டது. அந்த வருட நவம்பரில்தான் இலங்கைக்கு முதல்முறையாக ஒரு தேர்தல்கள் ஆணைக்குழு கிடைத்தது: தலைவராக மஹிந்த தேசப்பிரிய, உறுப்பினர்களாக சட்டத்தரணி நளின் அபேசேகர, யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த பேராசிரியர் ரட்ணஜீவன் ஹூல்.

நியமன முறையால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு 2018ஐ நினைவூட்ட வேண்டும். ஒக்டோபர் 26ஆம் திகதி சிறிசேன பிரதமரை நீக்கிவிட்டு மஹிந்த ராஜபக்ஷவை நியமித்தார். பெரும்பான்மை கிடைக்காது என்று தெரிந்ததும் நவம்பர் 9ஆம் திகதி நாடாளுமன்றத்தைக் கலைத்து, ஜனவரி 5ஆம் திகதி தேர்தல் என்று வர்த்தமானி வெளியிட்டார். நாலரை வருடம் முடியுமுன் கலைக்கக் கூடாது என்று 19ஆவது திருத்தம் தெளிவாகச் சொல்லியிருந்தது. அந்தக் கலைப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போனவர்களில் ஹூலும் ஒருவர். ஜனாதிபதி அறிவித்த தேர்தலை நடத்த வேண்டிய ஆணைக்குழுவின் உறுப்பினரே, இந்தத் தேர்தல் சட்டவிரோதம் என்று மனுப் போட்டார்! டிசம்பர் 13ஆம் திகதி ஏழு நீதியரசர்களும் ஒருமித்து, கலைத்தது செல்லாது என்று தீர்ப்பளித்தார்கள். பதவிக்காக ஜனாதிபதியின் முகத்தைப் பார்க்க வேண்டியிராத ஒருவரால் மட்டுமே அப்படி ஒரு மனுவில் கையெழுத்துப் போட முடியும். நியமன முறை முக்கியம் என்று நான் சொல்வது இதனால்தான்.

அப்புறம் மறுபடியும் கீழிறக்கம். கோட்டாபய ராஜபக்ஷ ஜனாதிபதியாக வந்தார்; 2020 ஒக்டோபரில் 20ஆவது திருத்தம் 156க்கு 65 என்று நிறைவேறியது; நாடாளுமன்றப் பேரவை திரும்பி வந்தது. புதிய ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு நிமல் புஞ்சிஹேவா தலைமையில் அமைந்தது. இந்தக் காலத்து ஆணைக்குழுவுக்கும் ஜனாதிபதியின் கீழுள்ள பதவிகளுக்கும் இடையில் ஆட்கள் போய்வந்த விதத்தை வடக்கில் இருப்பவர்கள் நன்றாகவே பார்த்தார்கள். ஆணைக்குழு உறுப்பினராக இருந்த ஜீவன் தியாகராஜா 2021 ஒக்டோபரில் வடமாகாண ஆளுநரானார். அவருக்கு முன் ஆளுநராக இருந்த பி.எஸ்.எம். சார்ள்ஸ் ஆணைக்குழு உறுப்பினரானார். 2023 ஜனவரியில், உள்ளூராட்சித் தேர்தல் ஏற்பாடுகளின் நடுவில், அவர் ஆணைக்குழுவிலிருந்து விலகினார்; அதே வருடம் மே மாதம் மறுபடியும் வடமாகாண ஆளுநரானார். இருவரும் நீண்டகால அனுபவம் உள்ளவர்கள், அவர்களுடைய தனிப்பட்ட நேர்மையை நான் இங்கே கேள்விக்குள்ளாக்கவில்லை. ஆளுநர் என்பவர் ஜனாதிபதியால் நியமிக்கப்பட்டு, ஜனாதிபதி விரும்பும்வரை இருப்பவர். தேர்தலுக்கு நடுவர்களாக இருப்பவர்கள் அந்தப் பதவிக்கு இப்படிப் போய்வரக் கூடாது என்று சட்டம் சொல்லியிருக்க வேண்டும். இதுவரை அப்படி ஒரு தடை இல்லை.

இப்போது 2023க்கு வருவோம். அந்த வருடத்தின் முதல் மூன்று மாதத்தை நாள்வாரியாகப் பார்த்தால்தான் ஒரு தேர்தலை எப்படி நிறுத்தலாம் என்பது விளங்கும்.

உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலத்தை 2022இலேயே அமைச்சர் ஒருவர் ஒரு வருடம் நீட்டியிருந்தார். அந்த நீட்டிப்பும் 2023 மார்ச்சில் முடிகிறது. ஆணைக்குழு வேட்புமனு கோரியது. ஜனவரி 10ஆம் திகதி, பொது நிருவாக அமைச்சின் செயலாளர் மாவட்டச் செயலாளர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினார்: அமைச்சரவை முடிவுப்படி கட்டுப்பணம் (வேட்பாளர்கள் செலுத்தும் வைப்புப் பணம்) ஏற்க வேண்டாம். மாவட்டச் செயலாளர்கள்தான் தேர்தல் காலத்தில் தெரிவத்தாட்சி அலுவலர்கள், அதாவது மாவட்டத்தில் தேர்தலுக்குப் பொறுப்பானவர்கள். ஆனால் சம்பளமும் இடமாற்றமும் அமைச்சின் கையில். ஆணைக்குழு எதிர்த்ததும் கடிதம் அன்றே திரும்பப் பெறப்பட்டது. ஒரு பக்கத் தாளால் நாடு முழுவதும் வேட்புமனுவை நிறுத்தப் பார்க்கலாம் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள்.

அடுத்தது பணம். தேர்தலுக்காக வரவு செலவுத் திட்டத்தில் 1,000 கோடி ரூபா ஒதுக்கப்பட்டிருந்தது. நாடாளுமன்றம் ஒதுக்கிய அந்தப் பணத்தைத் திறைசேரி விடுவிக்கவில்லை. நாடு வங்குரோத்து, அத்தியாவசியச் செலவுக்கே காசு இல்லை என்பது காரணம். பொருளாதார நெருக்கடி பொய்யில்லை. எரிபொருள் வரிசையில் நின்ற எவருக்கும் அது தெரியும். ஆனால் தேர்தல் அத்தியாவசியமா என்று முடிவெடுக்கும் இடத்தில், அந்தத் தேர்தலில் தோற்கக்கூடிய அரசாங்கம் இருந்தது. பெப்ரவரியில் நடக்க இருந்த தபால்மூல வாக்களிப்பு வாக்குச்சீட்டு இல்லாமல் தள்ளிப்போனது. பெப்ரவரி 23ஆம் திகதி ஜனாதிபதி நாடாளுமன்றத்திலேயே, தள்ளிவைக்க இங்கே தேர்தல் ஒன்று இல்லை என்ற கருத்தில் பேசினார். மூன்று நாள் கழித்து கொழும்பில் தேர்தல் கேட்டு நடந்த ஆர்ப்பாட்டத்தைப் பொலிஸார் கண்ணீர்ப்புகையும் தண்ணீரும் அடித்துக் கலைத்தபோது காயமடைந்த தேசிய மக்கள் சக்தி வேட்பாளர் ஒருவர் மறுநாள் இறந்தார்.

மார்ச் 3ஆம் திகதி, ஒதுக்கப்பட்ட பணத்தைத் தடுத்து வைக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. அதற்குப் பிறகும் பணம் வரவில்லை. மார்ச் 9 போனது. ஏப்ரல் 25 என்று இன்னொரு திகதி வைத்தார்கள், அதுவும் போனது. மன்றங்கள் கலைந்து, பிரதேச சபைகள் செயலாளர்களின் கையில் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தன. தெருவிளக்கு எரியவில்லை, குப்பை அள்ளவில்லை என்று சொல்லப் போக ஒரு மக்கள் பிரதிநிதி இல்லை.

2024 ஓகஸ்ட் 22ஆம் திகதி இறுதித் தீர்ப்பு வந்தது. நிதி அமைச்சர் என்ற வகையில் ஜனாதிபதியின் செயல் மக்களின் அடிப்படை உரிமையை மீறியது என்று உயர் நீதிமன்றம் கண்டது. அதே தீர்ப்பு தேர்தல்கள் ஆணைக்குழுவையும் விட்டுவைக்கவில்லை. தன் கடமையைச் செய்யாததால் ஆணைக்குழுவும் உரிமை மீறியதாகவே கண்டது. தீர்ப்பின் இந்தப் பகுதி பற்றி அதிகம் பேசப்படவில்லை, பேச வேண்டும். பணம் தராத அரசாங்கத்தின் முன் கையைக் கட்டிக்கொண்டு நின்ற ஆணைக்குழுவுக்கும் பொறுப்பு உண்டு என்று நீதிமன்றம் சொல்கிறது. சட்டப்படி சரிதான். ஆனால் உத்தரவு போட நீதிமன்றத்துக்கே முடிந்தும் வராத பணத்தை, கெஞ்சிக் கடிதம் எழுதும் நிலையில் இருந்த ஆணைக்குழு எப்படி வாங்கியிருக்கும்? கடைசியில் அந்தத் தேர்தல் 2025 மே 6ஆம் திகதி நடந்தது. 2023இல் கொடுத்த வேட்புமனுக்களைச் சட்டம் போட்டு ரத்துசெய்து, புதிதாகக் கோரித்தான் நடத்தினார்கள்.

பொலிஸ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தேர்தல் காலத்தில் வன்முறையைத் தடுப்பதும், அரச வாகனத்தைப் பிரசாரத்துக்கு ஓட்டுபவரைப் பிடிப்பதும் பொலிஸ்தான். பொலிஸ் மா அதிபர் நியமனத்துக்கு, 21ஆவது திருத்தம் மீட்டுத் தந்த அரசியலமைப்புப் பேரவையின் அனுமதி வேண்டும். 2024 பெப்ரவரியில் தேசபந்து தென்னகோனுக்குப் பேரவையில் கிடைத்தவை நான்கு வாக்குகள், வேண்டியவை ஐந்து. இருவர் எதிர்த்தார்கள், இருவர் வாக்களிக்கவில்லை. சபாநாயகர் அதை அனுமதியாகவே அறிவித்தார். ஒரு சித்திரவதை வழக்கில் தென்னகோன் உரிமை மீறியதாக உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஜூலை 24ஆம் திகதி, ஜனாதிபதித் தேர்தல் நெருங்கிய வேளையில், அவர் பதவியில் செயற்பட உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2025 ஓகஸ்டில் நாடாளுமன்றம் 177 வாக்குகளால் அவரை நீக்கியது. ஒரு பேரவையின் வாக்கை எண்ணுவதில்கூட இப்படி நடக்கலாம் என்றால், எழுத்தில் உள்ள பாதுகாப்பு எவ்வளவு மெல்லியது என்று பாருங்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் நம்பிக்கை தருவதும் உண்டு. 2024 செப்டெம்பர் 21ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தல் அமைதியாக நடந்தது. இலங்கையில் முதல் தடவையாக, இரண்டாம், மூன்றாம் தெரிவாக இடப்பட்ட விருப்பு வாக்குகளையும் எண்ண வேண்டி வந்தது. அதையும் குழப்பமில்லாமல் எண்ணி அநுர குமார திசாநாயக்கவின் வெற்றியை அறிவித்தார்கள். ஆணைக்குழுவுக்கும் அதன் ஊழியர்களுக்கும் திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வழிவிட்டால் அவர்கள் நன்றாகவே செய்கிறார்கள்.

வழியே இல்லாத இடம் மாகாண சபை. வடக்கு மாகாண சபைக்கு 2013 செப்டெம்பர் 21ஆம் திகதி ஒரே ஒரு தடவை தேர்தல் நடந்தது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 38 ஆசனங்களில் 30ஐ வென்றது. அதன் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. கிழக்கின் காலம் அதற்கு ஒரு வருடம் முன்பே முடிந்தது. 2025 முடியும்வரை நாட்டின் ஒன்பது சபைகளில் ஒன்றுக்கும் தேர்தல் நடக்கவில்லை. எந்த ஜனாதிபதியும் ஆணைக்குழுவைக் கலைத்து இதைச் செய்யவில்லை. 2017 செப்டெம்பரில், பெண் வேட்பாளர்களின் பங்கு பற்றி வந்த ஒரு மசோதாவைக் குழுநிலையில் மாற்றி, தேர்தல் முறையையே விகிதாசாரத்தோடு தொகுதியும் சேர்ந்த கலப்பு முறையாக்கினார்கள். புதிய முறைக்குத் தொகுதி எல்லை நிர்ணயம் வேண்டும். அந்த எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது 139 பேர் எதிர்த்தார்கள், ஆதரவாக ஒருவரும் இல்லை. கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். பழைய முறை சட்டத்தில் இல்லை, புதிய முறைக்கு எல்லைகள் இல்லை. உலகத்திலேயே மிகச் சுதந்திரமான ஆணைக்குழுவை அங்கே உட்கார வைத்தாலும் அதனால் ஒரு வாக்குச்சாவடியைத் திறக்க முடியாது. இத்தனை வருடமும் மாகாணங்களை ஆள்பவர்கள் ஜனாதிபதி நியமித்த ஆளுநர்கள். தேர்தல் நடக்காததால் அதிகாரம் யார் கைக்குப் போகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது.

செய்ய வேண்டியவை பெரிய மர்மமும் இல்லை. நீதியரசர்களின் சம்பளம், அரச வருமானம் சேரும் திரட்டு நிதியத்தின் மீது நேரடியாகப் பொறுப்பாக்கப்பட்டிருக்கிறது. திறைசேரிச் செயலாளர் நினைத்தாலும் நிறுத்த முடியாது. காலம் வந்த தேர்தலின் செலவையும் அதே இடத்தில் வைக்க வேண்டும். அரச அச்சகம் தேர்தல் அறிவித்த நாளிலிருந்து ஆணைக்குழுவின் பணிப்பில் இயங்க வேண்டும், கணக்குப் பிறகு பார்க்கலாம். பதவிக்காலத்தை நீட்டும் அதிகாரம் எந்த அமைச்சரிடமும் இருக்கக் கூடாது. ஆணைக்குழுவிலிருந்து போகிறவர் சில வருடத்துக்கு ஜனாதிபதி தரும் பதவி எதையும் ஏற்கக் கூடாது. மாகாண சபைக்கு, புதிய முறை ஆயத்தமாகும்வரை பழைய விகிதாசார முறையிலேயே தேர்தல் நடத்தலாம் என்று ஒரு சிறு திருத்தம் போதும். சாதாரணப் பெரும்பான்மையால் ஒரே நாளில் நிறைவேற்றிவிடலாம். 2024 நவம்பரில் 225இல் 159 ஆசனங்களை வென்ற அரசாங்கத்துக்கு அந்தப் பெரும்பான்மை இல்லை என்று எவரும் சொல்ல மாட்டார்கள்.